அம்மா தன் வீட்டோடு மகள் வீட்டுக்குப் போனார்

என் தங்கை திருமணமாகி நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஒன்பது ஆண்டுகளில் அம்மா ஒருமுறைகூட அங்கே போனதில்லை. முழங்கால் வலி, குளிர், பத்து மணி நேர விமானப் பயணம், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வாரந்தோறும் நடக்கும் மூத்தோர் உடற்பயிற்சி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தார். உண்மையான காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை என்றாலும் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். தங்கையின் மாமனாரும் மாமியாரும் மலேசியாவின் கிள்ளானிலிருந்து போய், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். மகளைக் கொடுத்த வீட்டில், சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க, வாரக்கணக்கில் கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்து 1976-இல் மணப்பெண்ணாகச் சிங்கப்பூர் வந்த அம்மாவின் மனத்துக்கு ஒப்பவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவருடைய கணக்கு. மூன்று நாளுக்காக அவ்வளவு தூரம் போவது வீண் செலவு என்பது அதே கணக்கின் அடுத்த வரி.

கடந்த ஆண்டு தங்கையின் இரண்டாவது மகளுக்குக் காது குத்தும் பேச்சு எழுந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் அந்தக் காரியம் நடக்காது என்பதால் நான் போயே ஆக வேண்டும். டிசம்பர் பள்ளி விடுமுறை. மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை முடித்து ஓய்ந்திருந்தான். மகளுக்கும் உயர்நிலை மூன்று முடிந்திருந்தது. ஐந்து பேருக்குப் பத்து இரவுகளுக்கான விடுதிக் கட்டணத்தை மனைவி கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்டாள். (செலவு குறையும் என்ற அந்த நம்பிக்கை பொய்த்துப் போனதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உச்சப் பருவ வாடகை, காப்புறுதி, டீசல், முகாம் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் நடுத்தர விடுதிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.) வாடகை நிறுவனத்தின் காணொளியை மனைவி தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். அம்மா இருமுறை பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை அவர்கள் வாசலில் நிறுத்திக்கொண்டு, நாம் நம் வீட்டிலேயே இருந்துகொள்ளலாமா?"

இருந்துகொள்ளலாம் என்றேன். மறுநாளே கடப்பிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைவூட்டினார்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகளுக்குக் கோடை என்பது பாடநூலில் உள்ள சொல். எங்களுக்கு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, காயாத துணி, வெள்ளம் தேங்கும் புல்வெளி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் அதே டிசம்பர் கோடைகாலம் என்பதையும், அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெயில் இருக்கும் என்பதையும் மகன் அறிந்திருந்தான்; நம்பவில்லை. கோடை என்றதும் அம்மா அக்கினி நட்சத்திரத்தை நினைத்துக்கொண்டார். ஆகவே கம்பளிச் சட்டைகளை எடுத்து வைப்பதற்கே ஒரு வாரம் வாதாட வேண்டியிருந்தது.

என்னுடைய கவலை வேறு. எனக்கு வாகன உரிமம் இருக்கிறது, வாகனம் இல்லை. வாகனம் வாங்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டு நிற்கும் ஊரில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வாடகைக் காரில் மலேசிய எல்லை நகரான ஜொகூர் பாரு போய் வருவதோடு எங்கள் ஓட்டுநர் வாழ்க்கை முடிந்துவிடும். ஏழு மீட்டருக்கு மேல் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட ஒரு வண்டியை நான் ஓட்டப் போகிறேன் என்பது மனைவிக்குக் கொடுத்த அச்சத்தைவிட எனக்குக் கொடுத்தது அதிகம். ஆறுதலான செய்திகளும் இருந்தன. அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள சிங்கப்பூர் உரிமம் அப்படியே செல்லும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், அதாவது நம் விரைவுச்சாலை வேகம்தான்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் அம்மா லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய் ஏழு எவர்சில்வர் தாம்பாளங்கள் வாங்கி வந்தார். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். அங்கே தங்கையிடம் தட்டு இல்லையா என்று கேட்ட மனைவியை அவர் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது. தட்டு நம் வீட்டுத் தட்டாக இருக்க வேண்டும். அதில் என்ன கேள்வி?

உணவுப் பொருள்களில்தான் சிக்கல். நியூசிலாந்து வேளாண்மையை நம்பி வாழும் தீவு நாடு. வெளியிலிருந்து பூச்சியோ விதையோ நோயோ உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு நம் ஊர்க் கண்டிப்புக்குக் குறைந்ததன்று. உணவை அறிவிக்காமல் கொண்டுபோய் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். தேன் கூடவே கூடாது. மண் ஒட்டிய காலணியைக்கூட அறிவிக்க வேண்டும் என்பதால் மகனின் காற்பந்துக் காலணிகளை முதல் நாள் இரவு பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். அம்மா செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்த கறிவேப்பிலையையும் வெற்றிலையையும் நானே எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, அதை விமானம் இறங்கும் கிறைஸ்ட்சர்ச் நகருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். இட்லிப்பொடி, மஞ்சள் தூள், ஊறுகாய், முறுக்கு ஆகிய எல்லாவற்றையும் படிவத்தில் எழுதினோம். அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார், இரண்டைப் பிரித்துப் பார்த்தார், போகச் சொன்னார். வெற்றிலை இல்லாத சீர் என்ன சீர் என்று அம்மா விமான நிலைய வாசல்வரை முணுமுணுத்தபடியே வந்தார்.

வண்டியை ஒப்படைத்த இளைஞர் எல்லாவற்றையும் விளக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் அறைக்கு மேலே இருவர் படுக்கும் பரண். நடுவில் சாப்பாட்டு மேசை, அதை இறக்கி மெத்தையை விரித்தால் இன்னொரு கட்டில். பின்புறம் அம்மாவுக்கான கட்டில். எரிவாயு அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. நல்ல நீர்த்தொட்டி 80 லிட்டர் கொள்ளும். பாத்திரம் கழுவிய நீர் தனித் தொட்டிக்குப் போகும். கழிப்பறைக்கு அடியில் பயணப்பெட்டி போன்ற ஒரு கழிவுப் பெட்டி இருக்கிறது. இரண்டு நாளுக்கொரு முறை அதை உருவி, சக்கரத்தில் இழுத்துக்கொண்டு போய், கழிவு கொட்டும் நிலையத்தில் கவிழ்த்துக் கழுவி, நீல நிற மருந்துநீர் ஊற்றி மீண்டும் செருக வேண்டும். அந்த வேலை யாருக்கு என்று வீட்டில் கலந்தாலோசனை நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் பயணம் முழுவதும் அதை நான்தான் செய்தேன். வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சைச் சான்றைக் காட்டி, 2023-இல் சட்டம் மாறிய பிறகு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் இந்தச் சான்று கிடைக்கும் என்றும், இது இருந்தால்தான் அனுமதிக்கப்பட்ட பொது இடங்களில் இலவசமாக இரவு தங்க முடியும் என்றும் இளைஞர் சொன்னார். அம்மா அதற்குள் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு உள்ளே ஏறி, அடுப்பு கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று மகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். வண்டி திரும்பத் திரும்ப அடுப்பும் திரும்பும் என்பதை அவள் பொறுமையாக விளக்கினாள்.

முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சில் பெரியப்பா மகன் வீட்டில். 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டு நகரின் நடுப்பகுதி சிதைந்த பிறகு, அதை மீண்டும் கட்டியெழுப்பும் வேலைக்காகப் போனவர்களில் எங்கள் அண்ணனும் ஒருவர். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் வண்டியை அவர் வீட்டு வாகனப் பாதையில் ஏற்ற முடியவில்லை; கூரை விளிம்பு இடித்தது. தெருவோரத்தில் நிறுத்தினோம். மின்சாரம் இழுக்கலாம் என்றால், வண்டியின் வடத்தில் இருந்தது வட்ட வடிவ நீலச் செருகி. வீட்டுச் சுவரில் இருந்தது தட்டைக் காலுக்கான துளை. அண்ணன் சிரித்துவிட்டு, "வீட்டில் மூன்று அறை காலியாகக் கிடக்கிறது, வந்து படுங்கள்" என்றார். படுத்தோம். அம்மாவும் மறுப்பின்றிப் படுத்தார். பங்காளி வீட்டுக்கு விதி வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஜெரால்டைன், ஃபேர்லி வழியாக டெக்காப்போ ஏரியை நோக்கிப் புறப்பட்டோம், 225 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு 50 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் என் நிலைமை புரியும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி ஒரு முழம் நகர்ந்து கொடுத்தது. பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால், மெதுவான வாகனங்களுக்கென ஒதுக்கிய ஓரத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒருவர் தவறாமல் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஆற்றுப் பாலங்கள் பல ஒற்றை வண்டிப் பாலங்கள். எந்தப் பக்கத்துக்கு முன்னுரிமை என்று அம்புக்குறிப் பலகை சொல்லும். சிறிய சிவப்பு அம்பு நம் பக்கம் இருந்தால் எதிரில் வருபவர் கடக்கும்வரை நிற்க வேண்டும். முதல் பாலத்தில் முன்னுரிமை எனக்கு இருந்தும் நின்றேன். எதிரில் நின்ற லாரிக்காரர் விளக்கை இருமுறை சிமிட்டிப் போகச் சொன்னார்.

அன்று முழுவதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. 60-இல் மெல்ல, 80-இல் வேகமாக, கோயில் சேகண்டி போல. எந்திரக் கோளாறோ என்று இருமுறை ஓரங்கட்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாம் முறை மகள்தான் கண்டுபிடித்தாள்: மேல் அலமாரியில் ஏழு தாம்பாளங்களும் ஒன்றோடொன்று தாளம் போட்டுக்கொண்டிருந்தன. துண்டுகளை இடையில் வைத்து அடக்கினோம். அடக்கிய அவசரத்தில் அலமாரியின் கொக்கியை யாரோ சரியாக மாட்டவில்லை. பர்க்ஸ் கணவாய் ஏற்றத்து வளைவில் கதவு திறந்து, மஞ்சள் தூள் டப்பா விழுந்து, வெளிர்நிற மெத்தை உறையில் ஒரு முழம் அகலத்துக்கு மஞ்சள் பரவியது. அம்மா பதறவில்லை. மங்கலம்தான் என்றார். ஒப்பந்தத்தில் கறைக்கான கட்டணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மனைவி தேடத் தொடங்கினாள்.

டெக்காப்போவில் மின்வசதி உள்ள முகாமில் நிறுத்தினோம். ஏரி பாலில் நீலம் கலந்த நிறத்தில் இருந்தது. பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கி அனுப்பும் நுண்துகள் நீரில் கரையாமல் மிதப்பதால் அந்த நிறம். 1935-இல் கல்லால் கட்டிய சிறிய தேவாலயம் கரையில் நிற்கிறது. எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஏழு, விளக்கேற்ற வேண்டும். ஈசூனில் ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குப் பொழுது சாயும், ஏழு மணிக்கு விளக்கு எரியும். இங்கே சூரியன் உச்சியிலிருந்து இறங்கிய களைப்புகூட இல்லாமல் நிற்கிறது. அந்தி வந்த பிறகுதான் விளக்கு என்றால் ஒன்பதரை ஆகும். விளக்கேற்றாமல் சாப்பிடும் வழக்கம் இல்லை. பிள்ளைகளோ பசி என்கிறார்கள். கடைசியில் சிங்கப்பூர் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். அங்கே அப்போது பிற்பகல் இரண்டு. இரண்டு கடிகாரமும் உதவாததால், ஏழு ஏழுதான் என்று முடிவுசெய்து, வண்டிக்குள் நெருப்புக் கூடாது என்பதால் கொண்டுவந்த மின்கல அகலைப் பளீரென்ற வெயிலில் ஏற்றி வைத்தார்.

அதற்குப் பிறகு ரசத்துக்குத் தாளித்தார். கடுகு வெடித்து மிளகாய் கருகிய மறுநொடி கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. மனைவி துண்டை எடுத்து விசிற, மகன் சன்னலைத் திறக்க, பக்கத்து வண்டியில் மது அருந்திக்கொண்டிருந்த முதிய தம்பதியர் எழுந்து வந்து எல்லாம் நலமா என்று விசாரித்தார்கள். மறுநாள் முதல் தாளிப்பு மட்டும் முகாமின் பொதுச் சமையலறைக்கு மாற்றப்பட்டது.

டெக்காப்போவைச் சுற்றியுள்ள வானம் 2012 முதல் இருள்வான் காப்பகம்; தெருவிளக்குகளையும் அடக்கியே வைக்கிறார்கள். கோடையில் இருட்டவே பதினொரு மணி ஆகிறது. பிள்ளைகள் விழித்திருந்து தென்சிலுவையைத் தேடினார்கள். அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, கூண்டு வண்டியைப் பற்றிப் பேசினார். அவருடைய தாய்வழி உறவினர் திருமணங்களுக்கு இரவில்தான் புறப்படுவார்களாம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சமுக்காளம் விரித்து, பிள்ளைகளைத் தலைமாறிப் படுக்க வைத்து, புளிச்சோற்று மூட்டையைக் கூண்டின் கம்பில் கட்டிவிடுவார்கள். அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். அது அணைந்தால் மாடு நின்றுவிடும் என்று தாத்தா சொன்னதை இவர் வெகுநாள் நம்பியிருக்கிறார். போய்ச் சேர்ந்த ஊரில் பெண்கள் வீட்டுக்குள் படுப்பார்கள், ஆண்கள் வண்டியிலேயே படுப்பார்கள். "வண்டியில் படுத்தவரை யாரும் குறையாக நினைத்ததில்லை" என்று முடித்தார். அது யாருக்குச் சொல்வதற்கான ஒத்திகை என்று இரண்டு நாள் கழித்துப் புரிந்தது.

இடைப்பட்ட வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். புக்காக்கி ஏரிக்கு அப்பால் 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவோராக்கி மலை மேகத்தை விலக்கி இருபது நிமிடம் முகம் காட்டியது. 971 மீட்டர் உயரத்து லிண்டிஸ் கணவாயில் மரமே இல்லை. சிங்கத்தின் முதுகு நிறத்தில் புல் போர்த்திய மலைகள். குரோம்வெல்லில் செர்ரி பருவம் தொடங்கியிருந்தது. சாலையோரத் தோட்டக் கடையில் அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, வெற்றிலை இல்லாத குறைக்கு இது இருக்கட்டும் என்று இரண்டு பெட்டி வாங்கச் சொன்னார். குவீன்ஸ்டவுன் அழகான ஊராக இருக்கலாம். ஏழு மீட்டர் வண்டியோடு நாற்பது நிமிடம் நிறுத்துமிடம் தேடியவனிடம் அந்த ஊரைப் பற்றிக் கேட்கக் கூடாது.

இன்வர்கார்கில் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதன் தெருக்கள். தேவைக்கு இருமடங்கு அகலமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் சமதளம். தங்கை வீட்டின் முன்னே புல்வெளி. மாப்பிள்ளை பால்பண்ணை எந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் என்பதால் பெரிய வண்டிகளைத் திருப்பி நிறுத்திப் பழகியவர். ஐந்தே நிமிடத்தில் எங்கள் வண்டியைப் புல்வெளியில் வீட்டு வாசலைப் பார்த்தபடி நிறுத்திக் கொடுத்தார்.

தங்கை ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளே அழைத்துப் போய் ஓர் அறையைத் திறந்து காட்டினாள். புதுப் படுக்கை விரிப்பு, சுடுநீர்ப் போத்தல், அம்மா உட்கார்ந்து தொழுவதற்கு முக்காலி வைத்த ஒரு சாமி மாடம், முழங்காலுக்காகக் குளியலறைச் சுவரில் புதிதாகப் பதித்த கைப்பிடி. அம்மா எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கைப்பிடியைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு, "நான் வண்டியில் படுத்துக்கொள்கிறேன் கண்ணு, இங்கேதானே நிற்கிறது" என்றார்.

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. இரவு பாத்திரம் துலக்கும்போது என்னிடம், "அண்ணே, இந்தக் கைப்பிடிக்காகச் சுவரை உடைத்து ஓடு மாற்றினோம்" என்று மட்டும் சொன்னாள். அந்த இரவு வண்டியில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அம்மாவும் உறங்கவில்லை என்பது கட்டில் பலகையின் சத்தத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை சீர். அம்மா ஐந்து மணிக்கே எழுந்து சாப்பாட்டு மேசையில் ஏழு தாம்பாளங்களையும் அடுக்கினார். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, தங்கத் தோடு, முறுக்கு, கற்கண்டு, செர்ரி, ஏழாவதில் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையில் வாங்கிய தேங்காயும் மஞ்சளும். நான் பட்டு வேட்டி, மனைவி பட்டுச்சேலை. மேலே கம்பளிச் சட்டை, வெளியே எட்டு டிகிரி. வண்டிக் கதவிலிருந்து வீட்டு வாசலுக்குப் பதினைந்து அடி தூரம்தான் இருக்கும். அந்தப் பதினைந்து அடியை நாங்கள் ஐந்து பேரும் தாம்பாளம் ஏந்தி வரிசையாக நடந்தோம். தட்டுகள் ஏழு, ஆள்கள் ஐந்து என்பதால் பிள்ளைகள் ஓடிப்போய் மீதியை எடுத்து வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் நாயைக் கட்டிய கயிற்றோடு அப்படியே நின்று பார்த்தார். வாசலில் சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்.

அப்போதுதான் தங்கையின் முகம் மாறியது. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஊரில் அவளுடைய எந்த நல்ல நாளிலும் பிறந்த வீடு என்று ஒன்று வந்து நின்றதில்லை. வளைகாப்புக்கு நான் பணம் அனுப்பினேன். பெயர்சூட்டு விழாவைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். விருந்தினர் அறையில் தங்கியிருந்தால் சீர் எந்த வாசலிலிருந்து புறப்பட்டு எந்த வாசலுக்குப் போயிருக்கும்? அம்மா முதல் நாள் காணொளியைப் பார்த்தபோதே இதைக் கணக்கிட்டிருந்தாரா என்று கேட்டேன். தேங்காயைச் சரியாகப் பிடி என்றார்.

காது குத்தியது நகரத்து மருந்துக்கடையில். நான் பட்டு வேட்டியோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். காது குத்தும் பெண்மணி, நான் தந்தையா என்று கேட்டார். தாய்மாமன் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது. குழந்தை அழுததைவிட என் மகன் அதிகமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

சீர் நடந்த பிறகு வண்டியைப் பற்றிய பேச்சின் போக்கே மாறிவிட்டது. அடுத்த நாள் விடியற்காலையில் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் சம்பந்தியம்மா, தலையில் குல்லாயோடு. உள்ளே பேரன் கேலிச்சித்திரம் பார்க்கும் சத்தம் தாங்கவில்லை, ஒரு வாய் தேநீர் இங்கே குடித்துவிட்டுப் போகிறேன் என்றார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். அன்று முதல் தினமும் வந்தார். தன் வீட்டில், தன் அடுப்பில், சம்பந்தியைக் கவனிக்கும் வாய்ப்பு அம்மாவுக்கு வாய்த்தது. தன் பிள்ளை வீட்டிலிருந்து அரை மணி நேரம் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு அந்த அம்மாவுக்கு. இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் பரணில் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். கிள்ளானில் விட்டுவந்த வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை தமிழ் மணியின் கதையைச் சொன்னார். வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மாவோரிப் பூர்வகுடிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைக் கண்டார். பார்த்தால் அது விளிம்பு உடைந்த ஒரு கப்பல் மணி, அதில் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அந்த எழுத்து சொல்கிறது. எப்படி அங்கே வந்தது என்பதற்கு உறுதியான விடை இல்லை. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகன் உடனே கைத்தொலைபேசியில் படத்தைத் தேடினான். மணியில் உருளைக்கிழங்கு வெந்திருக்குமா, அடி பிடிக்காதா என்பதுதான் சம்பந்தியர் இருவருக்கும் ஏற்பட்ட ஐயம்.

கடைசி நாள் பிளஃப் துறைமுகத்துக்குப் போனோம். முதலாம் எண் நெடுஞ்சாலை அங்கே ஸ்டெர்லிங் முனையில் முடிகிறது. மஞ்சள் கம்பத்தில் நான்கு திசையும் நீட்டிய பலகைகள். லண்டன், நியூயார்க், பூமத்திய ரேகை. நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தப் பூமத்திய ரேகையையும் தாண்டிப் போக வேண்டும் என்று மகள் கணக்குச் சொன்னாள். காற்று ஆளைத் தள்ளியது. பிளஃப் சிப்பி தின்னாமல் போகிறீர்களே, மார்ச்சில் வந்தால் கிடைக்கும் என்று மாப்பிள்ளை வருந்தினார்.

அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் தங்கை ஒரு தலையணையைக் கையில் இடுக்கிக்கொண்டு புல்வெளியைக் கடந்து வண்டிக்கு வந்தாள். "அண்ணே, நீங்கள் உள்ளே போய்ப் படுங்கள்" என்றாள். மனைவியும் நானும் பிள்ளைகளும் அம்மாவுக்கென்று சோடித்த அறையிலும் கூடத்திலுமாகப் படுத்தோம். ஒன்பதே முக்காலுக்குப் பொழுது சாய்ந்து, பத்தரை வரை மேற்கில் வெளிச்சம் இருந்தது. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சன்னல் வழியே பார்த்தேன். வண்டியின் பின் சன்னலில் அந்த மின்கல அகல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் நான் குளித்து வெளியே வந்தபோது அம்மா குளியலறைக் கதவருகே மாற்றுப் புடவையோடு நின்றிருந்தார். வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார். உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் குளித்தார். தொட்டியை நான் முந்தைய மாலைதான் நிரப்பியிருந்தேன்.

திரும்பும் வழி டனீடன், ஓமாரு, டிமாரு என்று கடலோரமாக வந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. தாம்பாளங்கள் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டதால் வண்டியில் சத்தமும் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை ஒப்படைத்தபோது, டீசல் வண்டிகள் ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டிய சாலைக் கட்டணத்தோடு, மஞ்சள் கறைக்கான தொகையையும் சேர்த்து எழுதினார்கள். மனைவி பேரம் பேசிப் பார்த்தாள். நடக்கவில்லை.

போன வாரம் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். வண்டி நின்ற இடத்தில் புல்வெளியில் இரண்டு நீண்ட பள்ளமும், நடுவில் பழுப்பேறிய செவ்வகமும். மாமனார் தினமும் அதைப் பார்த்துப் புலம்புகிறாராம். அம்மா படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு குரல்பதிவுப் பொத்தானை அழுத்தி, அந்த இடத்தில் புதிதாகப் புல் நட்டுக் காசை வீணாக்க வேண்டாம் என்று சம்பந்தியிடம் சொல்லச் சொன்னார்.